பூட்டுக்காரரைத் தேடிய இரவு

புக்கிட் ரம்பாயில் உள்ள எங்கள் தாமான் வீட்டுக் கதவு ஒரு சனிக்கிழமை இரவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, அம்மாவும் நானும் வெளியே. மணி பத்தரை, தூறல் வேறு. கைப்பேசியை எடுத்து, மலாக்காவில் பூட்டு திறப்பவர் யார் என்று மலாயில் தட்டினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். போனில் 80 ரிங்கிட் என்றவர், கதவைத் திறந்த பிறகு 280 கேட்டார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கைப்பையைத் திறந்தார்.

மறுநாள் பக்கத்து லோரோங்கில் சாவி வெட்டும் அண்ணனிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "என்னைக் கூப்பிட்டிருந்தா 60 வெள்ளியில முடிஞ்சிருக்குமே, தம்பி!" பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அதே இடத்தில்தான் இருக்கிறார். கூகளுக்கு அவரைத் தெரியாது. அதனால் அன்றிரவு எனக்கும் தெரியாமல் போனது.

வீட்டுக்கு வந்து அதே சொற்களை மீண்டும் தேடிப் பார்த்தேன். அந்த முதல் எண்ணுக்கு மேலே சிறிய எழுத்தில் 'டித்தாஜா' என்றிருந்தது. காசு கொடுத்துப் பிடித்த இடம்!

கூகள் தொடங்கியது அப்படி அல்ல. 1998இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் லேரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்தை மற்ற எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எவ்வளவு முக்கியமானவை என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று அதே ஆண்டு தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதியதும் இவர்களே. 2000 அக்டோபரில் 'ஆட்வேர்ட்ஸ்' விளம்பரத் திட்டத்தை இவர்களே தொடங்கினார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

ஒவ்வொரு தட்டலுக்கும் காசு வாங்கும் முறையை அவர்களுக்கு முன்பே பில் குரோஸ் என்பவரின் கோடூ நிறுவனம் நடத்தியது. 2002இல் கூகளும் அந்த முறைக்கு மாறியது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. அதிக விலை கேட்பவருக்கு மட்டும் முதலிடம் கிடையாது. மக்கள் எந்த விளம்பரத்தை அதிகம் தட்டுகிறார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்தது. ஒவ்வொரு தேடலுக்கும் கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது.

பத்திரிகை விளம்பரம், பக்கத்தைப் புரட்டும் எல்லாருக்கும் பொது. தேடுபொறிக்கோ யாருக்கு எது எப்போது வேண்டும் என்பது நம் வாயாலேயே தெரிந்துவிடுகிறது. மழையில் நிற்பவன் விலை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். அந்த அவசரத்துக்குத்தான் விலை. 2023இல் கூகள் தேடல் வழியாக வந்த விளம்பர வருமானம் மட்டும் சுமார் 175 பில்லியன் அமெரிக்க டாலர்.

நம் பழக்கத்துக்கும் விலை உண்டு. ஐபோனில் தேடும்போது கூகளே முதலில் வருவதற்காக, 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 20 பில்லியன் டாலர் கொடுக்கப்பட்டது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. தேடல் துறையில் கூகள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அதன் தலைவர் என்று பெருமைப்படும் நாம் இதையும் தெரிந்துவைத்திருக்கலாம். போன் வாங்கிய நாளிலிருந்து நானும் தேடுபொறியை மாற்றியதில்லை.

அண்ணனின் கடையைக் கூகள் வரைபடத்தில் இலவசமாகப் பதிந்து கொடுத்தேன். விளம்பரமும் போடலாமா என்று கேட்டார். தட்டலுக்குத் தட்டல் காசு என்று விளக்கினேன்.

"பத்துப் பேர் தட்டி, ஒருத்தர்தான் கூப்பிட்டா?"

"பத்துத் தட்டலுக்கும் கட்டணும், அண்ணே."

"அந்தக் காசை நான் யாருகிட்ட வாங்கறது? கூப்பிட்ட அந்த ஒருத்தர்கிட்டயா?"

இப்போதைக்கு விளம்பரம் வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய எண்ணை அம்மா ஒரு தாளில் எழுதி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறார்.