ஒத்திகைக் கூடத்தில் பிறக்கும் பாலே

பாலே நாடகம் ஒன்று முதலில் அதை அமைப்பவரின் மனத்தில் முழுதாக உருவாகிவிடுகிறது, ஆடுபவர்கள் அதைக் கற்றுக்கொண்டு ஆடுகிறார்கள், அவ்வளவுதான் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வேலை நடக்கும் விதம் வேறு. ஜார்ஜ் பாலன்சின் அமெரிக்காவில் அமைத்த முதல் பாலேயான ‘செரினேட்’டை எடுத்துக்கொள்வோம். 1934 மார்ச்சில், நியூயார்க்கில் அப்போதுதான் தொடங்கியிருந்த தம் பள்ளியின் மாலை வகுப்பில் அதை ஆரம்பித்தார். மாணவிகளுக்கு மேடைப் பழக்கம் வரட்டும் என்பதே நோக்கம். முதல் நாள் வந்தவர்கள் 17 பெண்கள். இரண்டாகப் பிரித்தால் ஒருத்தி மிஞ்சுவாள். அடுத்தடுத்த இரு வைர வடிவங்களாக நிறுத்திப் பார்த்தார், சரியாக அமைந்தது. மறு வகுப்புக்கு 9 பேர், அதற்கடுத்து 6 பேர். வந்தவர்களை வைத்தே அந்தந்தப் பகுதியை அமைத்தார். ஒருநாள் எல்லாரும் ஓடி வெளியேறும்போது ஒருத்தி விழுந்து அழுதுவிட்டாள். பியானோக்காரரைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லி, விழுந்ததையும் நடனத்தில் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு முந்தைய தலைமுறையின் ரஷ்ய பாலே அமைப்பாளர் மாரியுஸ் பெட்டிபா அப்படியா செய்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘ஸ்லீப்பிங் பியூட்டி’க்கு (1890) எந்தக் காட்சிக்கு எத்தகைய இசை, எத்தனை தாள அளவு என்றுகூட அவர் இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கிக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் 1895இல் அவரும் லெவ் இவானவும் அமைத்த ‘ஸ்வான் லேக்’கில் இன்றும் ரசிகர்கள் எண்ணிக்கொண்டே பார்க்கும் 32 சுழற்சிகள் எங்கிருந்து வந்தன? அது இத்தாலிய ஆட்டக்காரி பியெரினா லெக்னானியின் கைவரிசை. அதற்கு முன்பே வேறொரு பாலேயில் ஆடிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

அப்படியென்றால் எல்லாம் தற்செயல்தானா? ஒத்திகையில் விழாதவர் யார்? விழுந்ததெல்லாம் நடனமாகிவிடுவதில்லை. ‘செரினேட்’ ஒத்திகைக்கு ஒருத்தி தாமதமாகவும் வந்தாள். அந்த வருகை மேடையில் எங்கே இடம்பெறுகிறது என்று கவனிக்க வேண்டும். இந்தப் பாலேக்கான இசையும் சைகோவ்ஸ்கியின் இசைக்கோவைதான். முதல் பகுதி முடியும் தறுவாயில் அதன் தொடக்க இசை திரும்புகிறது. பெண்கள் மறுபடி வலக்கையை உயர்த்தித் தொடக்க நிலையில் நிற்கிறார்கள். அப்போதுதான் அவள் வரிசைகளுக்கிடையே தன் இடத்தைத் தேடி வருகிறாள். கிடைத்ததை எந்த இசைக்கு எதிரே வைப்பது என்ற இந்தத் தீர்ப்புதான் அமைப்பாளரின் வேலை. அது முதல் காட்சியோடு முடிந்துவிடவும் இல்லை. இசைக்கோவையின் நான்காம் பகுதியைப் பாலன்சின் 1940 வாக்கில்தான் சேர்த்தார், அதுவும் மூன்றாவதான சோக கீதத்துக்கு முன்னால். இன்று ‘செரினேட்’ என்றதும் கண்ணில் நிற்கும் வெளிர்நீல நீள் பாவாடைகளை ஆடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா தைத்துக் கொடுத்தது 1952இல்.