ஐ.வி.எஃப் சிகிச்சை: விந்தணுவைப் பிரித்தெடுப்பதில் எந்த முறை சிறந்தது?

திருமணமாகிச் சில வருடங்கள் கழிந்தும் குழந்தைப் பாக்கியம் இல்லையென்றால், நம் குடும்பங்களில் முதலில் மருமகளைத்தான் கேள்வி கேட்கிறோம். ஆனால் ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆணிடமும் குறை இருக்கிறது. ஆகவே கணவரும் ஆரம்பத்திலேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஐ.வி.எஃப் சிகிச்சையில் விந்தை அப்படியே பயன்படுத்துவதில்லை. அதில் இறந்த அணுக்கள், வெள்ளணுக்கள், கழிவுகள் கலந்திருக்கும். அவற்றை நீக்கி, நன்கு நீந்தும் அணுக்களை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கான முறைகள் இவை:

1. கழுவுதல்: ஊட்டக் கரைசலில் கலந்து, சுழற்றும் கருவியில் வைத்து, மேல்நீரை நீக்குவது. எளிது, செலவு குறைவு. ஆனால் இறந்த அணுக்களும் தங்கிவிடும்.

2. நீந்தி மேலேறும் முறை: விந்தின் மேல் கரைசலை ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் சுமார் ஒரு மணி நேரம் வைப்பார்கள். வலுவான அணுக்கள் தாமாக மேலே நீந்தி வரும். சுத்தமாகக் கிடைக்கும், எண்ணிக்கை குறையும். எனவே அணுக்கள் போதுமான அளவு உள்ளவர்களுக்கே பொருந்தும்.

3. அடர்த்தி அடுக்கு முறை: விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டால் பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும் அல்லவா? அதுபோலத்தான். 40, 80 சதவீத அடர்த்தியுள்ள இரண்டு கரைசல்களின் மேல் விந்தை ஊற்றிச் சுழற்றினால், நல்ல அணுக்கள் அடியில் சேரும். எண்ணிக்கையோ வேகமோ குறைந்தவர்களுக்கு இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

4. நுண்சிப், காந்த முறைகள்: மரபணு சேதமடைந்த அணுக்களை ஒதுக்கும் என்று சொல்லப்படும் புதியவை. கூடுதல் கட்டணம் உண்டு. எல்லாத் தம்பதிகளுக்கும் இவற்றால் குழந்தைப் பிறப்பு கூடுகிறது என்று நிரூபணமாகவில்லை.

ஆக, எல்லோருக்கும் சிறந்த ஒரே முறை என்று எதுவும் இல்லை. பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். நகையை அடகு வைத்துக் கூடுதல் கட்டணம் கட்டும் முன், "எங்களுக்கு இது ஏன் தேவை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாதிரி கொடுக்கும் முன் 2 முதல் 7 நாட்கள் தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்திற்குள் ஆய்வகம் சேர வேண்டும். பூதலூரிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ தஞ்சை, திருச்சிக்குக் கொண்டு போவதைவிட அங்கேயே கொடுப்பது நல்லது. மனைவியுடன் சேர்ந்தே மாதிரி எடுக்க விரும்புவோருக்கு அதற்கென்றே தனி உறை உண்டு. சாதாரண ஆணுறை அணுக்களைப் பாதிக்கும். வளைகுடாவிலிருந்து குறுகிய விடுப்பில் வருபவர்கள் மாதிரியை உறையவைத்துச் சேமிக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

மார்க்க அடிப்படையில் மிக முக்கியமானது நஸப், அதாவது வம்சாவழி. எகிப்தின் தாருல் இஃப்தா 1980-லும், சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1986-லும் கணவன் மனைவிக்கிடையே மட்டும் இதை அனுமதித்து, பிறர் விந்தணுவைத் தடுத்துள்ளன. மேலும் விளக்கம் வேண்டுவோர் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மாதிரிக் குப்பியில் இருவர் பெயரும் எழுதப்பட்டுள்ளதா, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேர் சரிபார்க்கிறார்களா என்று கேட்பது நம் உரிமை, வெட்கப்பட வேண்டாம். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்றும் பாருங்கள்.

முயற்சி நம்முடையது, தருபவன் அல்லாஹ். முடிவு எதுவானாலும் அந்தப் பெண்ணின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தார் அனைவரின் கடமை.