நண்பரின் கைப்பேசித் திரையைப் படம்பிடித்துக் காட்டினால் தொழிற்சாலைக் கதவு திறக்குமா?

சிங்கப்பூரின் ஈசூன் தொழிற்பேட்டை ஒன்றில் இரவு ஷிஃப்டுக்கு வருகிறவர் கைப்பேசியைக் கதவோரப் பெட்டியருகே நீட்டுகிறார், 'க்ளிக்'! கடவுச்சொல்லா போனது? இல்லை.

கைநாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் உங்களிடமே இருக்கும், பதிவு மட்டும் தாளில் விழும். கதவு ஒவ்வொரு முறையும் புதுத்தாள் நீட்டுகிறது: அந்த நேரத்துக்கென்றே உருவாக்கிய ஒரு நீண்ட எண். கைப்பேசிச் சில்லுக்குள் பூட்டிக் கிடக்கும் ரகசியச் சாவி அதன்மேல் கையெழுத்திடும். சாவி வெளியே வராது. கதவிடம் இருப்பதோ சரிபார்க்க மட்டுமே உதவும் ஜோடிச் சாவி.

நேற்றைய பதிலை யாராவது ஒட்டுக்கேட்டிருந்தாலும் என்ன? இன்றைய எண் வேறு. ஸ்கிரீன்ஷாட் கதையும் அதேதான்.

கைப்பேசியையே திருடினால்? 2018இல் வந்த, அரசின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸ் விரல்ரேகை, முகம் அல்லது 6 இலக்க எண் கேட்பது அதற்காகத்தான்.

பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழைபவரிடம் மட்டும் இந்த வித்தை செல்லாது. அவரைத் தடுக்க ஒரு வழி, ஒரு முறைக்கு ஒருவரை மட்டும் விடும் சுழல்கதவு.