கண்ணில் பலத்த அடிபட்டால் பார்வை திரும்புமா?

வார இறுதி வந்தால் நம் பிள்ளைகள் கிரிக்கெட், பாட்மிண்டன் என்று கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வேகமாக வரும் பந்து கண்ணில் பட்டுவிட்டால்? "ஐஸ் வை, சரியாகிவிடும்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சில சமயம் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பார்வையே இருக்கிறது.

நம் விழி, ஏழு எலும்புகள் சேர்ந்த ஒரு குழிக்குள் அமர்ந்திருக்கிறது. குழியின் விளிம்பு உறுதியானது. அடித்தளமோ மிக மெல்லியது. அடித்தளம் உடைந்தால் கண்ணை அசைக்கும் தசை அதில் சிக்கிக்கொள்ளும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். சிறுவர்களுக்கு வெளியே சிவப்போ வீக்கமோ அதிகம் இல்லாமலே இப்படி ஆகலாம். கண்ணை மேலே தூக்க முடியாமல் வாந்தியும் எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதைவிட ஆபத்து, விழிக்குப் பின்னால் இரத்தம் தேங்குவது. எலும்புக் குழி விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் குறையாவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும். விழி பிதுங்கி, கல்போல் இறுகி, பார்வை மங்கினால் மருத்துவர் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் கடைக்கண் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு அழுத்தத்தைத் தணிப்பார். பார்த்தால் பயமாக இருக்கும்; ஆனால் பார்வையைக் காப்பது அந்த வெட்டுதான்.

பார்வை நரம்பே அடிபட்டிருந்தால்? ஸ்டீராய்டோ அறுவை சிகிச்சையோ தெளிவான பலன் தரவில்லை என்று 1999இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறியது. சிகிச்சையின்றியே சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது. தலைக்காயத்துக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தால் உயிரிழப்பு கூடுகிறது என்று 2004இல் கிராஷ் ஆய்வு காட்டியது. எனவே, "ஏன் ஊசி போடவில்லை?" என்று மருத்துவரிடம் கோபப்பட வேண்டாம்.

நினைவில் கொள்ளுங்கள்:

* கண்ணை அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம்.
* குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். அதன்மேல் படாதபடி காகிதக் கோப்பையால் மூடுங்கள்.
* மூக்கைச் சிந்தாதீர்கள். உடைந்த எலும்பு வழியே காற்று கண்குழிக்குள் புகும்.
* வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். இரத்தக் கசிவு கூடும்.
* ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா வழுக்கி விழுந்து கண்ணில் அடிபட்டால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

விளையாடும் பிள்ளைக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். போன பார்வையை மீட்பதைவிட இருக்கும் பார்வையைக் காப்பது எளிது அல்லவா?