விதைநெல்லுக்கு ஈரம் ஏறாத மேடை

பெரும்போகத்தில் அறுத்த நெல்லை அடுத்த பெரும்போகத்துக்கு விதையாக வைக்கும் கமக்காரர், அதனை ஏழெட்டு மாதங்கள் பாதுகாத்தல் வேண்டும். நன்கு காய்ந்த நெல்லும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய விதை வெப்பமுற்று, பூஞ்சணம் பிடித்து, முளைக்குந் திறனை இழக்கும். சீமெந்துத் தரையும் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்குமாதலால், சாக்குகளைத் தரையில் அடுக்காது மேடை அமைத்து வைத்தல் நன்று.

மரம்: முதிர்ந்த பனையின் வைரம் மலிவானது, நெடுநாள் உழைப்பது. வைரம் மரத்தின் வெளிப்புறத்திலேயே உளது. உள்ளிருக்கும் சோற்றி ஈரத்தை உறிஞ்சி விரைவில் உக்கும். அதனைச் செதுக்கி நீக்குக. தென்னைக்கும் இதுவே பொருந்தும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை ஈரம் பட்டால் ஊதி உதிரும், மலிவென்று வாங்கற்க.

அமைப்பு: கால்களை மண்ணிற் புதைக்காது கல்லின்மேல் நிறுத்துக. மேடை தரையிலிருந்து ஓரடி உயர்ந்தும், சுவரிலிருந்து ஓரடி விலகியும் இருக்கட்டும். சட்டங்களுக்கிடையே காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுக.

பை: சணற்சாக்கு காற்றின் ஈரத்தைத் தடுக்காது. அதனுள்ளே தடித்த பொலித்தீன் பை இட்டு வாயை இறுகக் கட்டுக. ஆனால் ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்பட்ட நெல்லை அடைத்தால், ஈரம் உள்ளேயே தங்கி விதையைக் கெடுக்கும்.

சோதனை: உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் நெல்லுடன் சிறிது உலர்ந்த உப்புத்தூள் இட்டுக் குலுக்கி, 15 நிமிடம் வைக்க. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேலுளது. ஒட்டாவிடினும் மேலும் ஒருநாள் காயவிட்டு, ஆறியபின்னரே அடைக்க.

விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன் 100 நெல்மணிகளை ஈரத்துணியில் முளைக்க வைத்து எண்ணுக. 85க்குக் குறையாது முளைப்பின் அவ்விதையை நம்பி விதைக்கலாம்.