அரிசிப் பானையில் பத்திரம் வைக்கலாமா?

அரிசிப் பானைக்குள் நிலப் பத்திரத்தைப் போட்டு வைப்பார் எவரும் இல்லை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பலர் செய்வது அதுதான். விண்டோஸ், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், பி.எஃப். கணக்கு, ஊர்த் திருவிழாப் படங்கள் எல்லாம் 'சி' என்ற ஒரே பகுதியில் குவிந்து கிடக்கின்றன.

விண்டோஸ் பழுதாகிப் புதிதாகப் போடும் நாளில்தான் வினை வருகிறது. 'சி'யை ஃபார்மட் செய்தால் அதிலுள்ள அத்தனையும் போய்விடும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. புதிய பதிப்புக்கு மாறுவோர் இதை முன்கூட்டியே கவனிப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் 'சி' என்பது பழைய எழுத்து. 'ஏ', 'பி' இரண்டும் பிளாப்பிகளுக்குப் போய்விட்டதால் டிஸ்குக்கு 'சி' வாய்த்தது. 1983-ல் வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கம்ப்யூட்டரின் டிஸ்க் வெறும் 10 மெகாபைட். இன்றைய ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் ஒரு டிஸ்கை 128 பகுதிகள் வரை பிரிக்க இடம் தருகிறது. ஆனால், குடும்பத்துக்கு 'சி', 'டி' என இரண்டே போதும்.

முதலில் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு விண்டோசிலேயே உள்ள 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலம் 'சி'யைச் சுருக்கி, மிஞ்சும் இடத்தில் 'டி'யை உண்டாக்கலாம். அப்டேட்டுகள் இடம் கேட்கும் என்பதால் 'சி'யை மிகவும் குறுக்கக் கூடாது. டெஸ்க்டாப்பும் 'டாகுமென்ட்ஸ்' ஃபோல்டரும் வழக்கமாக 'சி'யில்தான் இருக்கும். 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'லொகேஷன்' வழியே அவற்றை 'டி'க்கு மாற்றலாம்.

இனி விண்டோஸ் கெட்டால் 'சி'யை மட்டும் அழித்தால் போதும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "'டி'யைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டால் பிரித்த பயன் இல்லை.

இத்துடன் நின்றுவிடக் கூடாது. 'சி'யும் 'டி'யும் ஒரே வீட்டின் இரு அறைகள்; வீடே இடிந்தால் இரண்டும் போகும். டிஸ்க் கெட்டாலோ, கம்ப்யூட்டர் திருடு போனாலோ 'டி'யும் உதவாது. ஆகவே வாரம் ஒருமுறை 'டி'யை மட்டும் வெளி டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். வேண்டியதெல்லாம் ஓரிடத்தில் இருப்பதால் தேடும் வேலை இல்லை. எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே இருந்தால் வைரஸ் அதையும் தாக்கக்கூடும். இரண்டொரு கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இன்னொரு நகலை அங்கே பீரோவில் வைத்துவிட்டு வரலாம். இங்கே என்ன நேர்ந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.