பறக்க மறந்த பறவைகளின் நாடு

நியூசிலாந்து மண்ணில் இறங்கியதும் முதலில் என்னிடமிருந்து பறிபோனவை என் பூட்ஸுகளே! ஆக்லாந்து விமான நிலையத்தில் சோதனையெல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட வேளையில், ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பூட்ஸின் அடியில் நம் விடுதி மைதானத்துப் புழுதி காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் அதை உள்ளே எடுத்துச் சென்று, நன்றாகக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். எனக்குக் கோபமும் வெட்கமும் ஒருங்கே எழுந்தன. ஒரு பிடி மண்ணுக்கு இத்தனை அமளியா?

அதற்கு விடை தெரிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருநிலத்தினின்றும் பிரிந்து தனித்துப் போன நிலம் நியூசிலாந்து. வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கே இயல்பாக இல்லை. புலி, நரி, பூனை இல்லை, எலிகூட இல்லை, பாம்பும் இல்லை! ஆகவே நம் காடுகளில் மானும் பன்றியும் வகிக்கும் இடத்தை அங்கே பறவைகளே பிடித்துக்கொண்டன. ஓட வேண்டிய தேவையில்லாதபோது பறப்பானேன்? பல பறவைகள் இறக்கையை மறந்தன. ஆளைவிட உயர்ந்த மோவாவும் உண்டு. கோழி அளவேயுள்ள கிவியும் உண்டு. கிவி இடும் முட்டை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்குமாம். பாவம், அந்தத் தாய்!

அவற்றுக்கு இருந்த பகை வானிலிருந்து வரும் கழுகு முதலியனவே. கண்ணால் வேட்டையாடும் கழுகிடம் தப்ப அசையாமல் நின்றால் போதும். மோப்பம் பிடித்து வரும் விலங்குக்கோ அசையாமல் நிற்கும் பறவையைவிட எளிய இரை வேறில்லை. கதையின் துயரம் முழுதும் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

நிற்க. ஆக்லாந்து எரிமலைக் குன்றுகளின் மேல் எழுந்த நகரம். அங்கிருந்து பேருந்தில் ரோட்டோருவா சென்றேன். ஊரெங்கும் அழுகிய முட்டை நாற்றம். பூமிக்கடியிலிருந்து கந்தக ஆவி கிளம்புகிறது. போஹுட்டு என்னும் வெந்நீர் ஊற்று 30 மீட்டர் உயரம்வரை பீறிடுவதைப் பார்த்தபோது மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

அடுத்து தலைநகர் வெல்லிங்டன். அங்குள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் தொகுப்பில் நமக்கு உறவான பொருள் ஒன்று உண்டு: தமிழ் எழுத்துப் பொறித்த உடைந்த வெண்கல மணி. முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. 1836-ஆம் ஆண்டையொட்டி வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் இதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் இதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம்! எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்றும் புதிரே.

கப்பல்கள் கொணர்ந்தவையெல்லாம் இப்படிச் சமையலுக்குப் பயன்பட்டுவிடவில்லை. சுமார் 1300-ஐ ஒட்டி மாவோரியரின் ஓடங்களில் ஒரு வகை எலியும் நாயும் வந்தன. வேட்டையால் இருநூறு ஆண்டுக்குள் மோவா இனம் அற்றுப்போயிற்று. பின்னர் ஐரோப்பியர் வந்தனர். பூனையும் பெரிய எலியும் வந்தன. முயலைக் கொண்டுவந்து விட்டார்கள். முயல் பெருகிப் புல்லைத் தின்று தீர்க்கவே, 1880-களில் அதைப் பிடிக்க ஸ்டோட் என்ற விலங்கை இறக்கினார்கள். நம் ஊர்க் கீரியை நினைவூட்டும் பிராணி அது. முயல் ஓடும், கிவிக் குஞ்சு நிற்கும். ஸ்டோட் எதைத் தேர்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? காவலற்ற காடுகளில் இன்றும் நூறு கிவிக் குஞ்சுகளில் ஐந்து போலத்தான் வளர்ந்து ஆளாகின்றன.

வெல்லிங்டனில் நான் தங்கிய வீட்டு அம்மையார் தோட்டத்து மூலையில் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். எலிப்பொறி! எலி, ஸ்டோட், போசம் ஆகியவற்றை 2050-க்குள் நாட்டிலிருந்தே ஒழிப்பதென 2016-இல் அரசு திட்டம் வகுத்தது. வீட்டுக்கு வீடு பொறி வைக்கிறார்கள். சில இடங்களில் வானூர்தியிலிருந்து நஞ்சும் இடுகிறார்கள். அதை எதிர்ப்போரும் அங்கே பலர்.

எறும்புக்கு அரிசிமாவில் கோலமிடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது உறுத்தியது. “எலி என்ன பிழை செய்தது?” என்று கேட்டேன்.

“ஒன்றும் செய்யவில்லை. கொண்டுவந்தது நாங்கள்தானே?” என்றார். சற்று நேரத்தில் காக்கா என்ற பெருங்கிளி ஒன்று வேலியில் வந்தமர்ந்தது. ஊருக்கருகில் 8.6 கிலோமீட்டர் வேலியிட்டுக் காத்த சீலாந்தியா சரணாலயத்தில் 2002 முதல் விட்ட கிளிகளின் வழிவந்தது அது. அவர் பேச்சைவிட அக்கிளி என்னை அதிகம் தடுமாற வைத்தது. என் உறுத்தல் முழுதும் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன்.

இனித் தென் தீவு. மில்போர்டு சவுண்டில் கடல் மலைகளுக்கிடையே புகுந்து கிடக்கிறது, மழை ஓயாது, பாறைதோறும் அருவி. மாவோரி மொழியில் அதற்குப் பியோபியோதாஹி என்று பெயர். ‘ஒற்றைப் பியோபியோ’ என்பது பொருள். அந்தப் பறவை இன்று ஒன்றுகூட இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

ஆயினும் எல்லாம் இழப்பே அன்று. அழிந்ததென்று எழுதிவிட்ட தக்காஹே 1948-இல் அப்பகுதி மலையில் உயிரோடு காணப்பட்டது. காக்காப்போ என்றதும் நம் காக்கையை எண்ணிவிட வேண்டாம்! ‘இரவுக் கிளி’ என்பது பொருள். பறக்காத இக்கிளிகள் 1995-இல் 51 மட்டுமே இருந்தன. பகையற்ற தீவுகளில் வைத்துக் காத்ததில் 2022-இல் 252 ஆயின.

கடைசி இரவு, தெற்கேயுள்ள ஸ்டூவர்ட் தீவில் ஒரு கடற்கரை. வழிகாட்டி சிவப்பு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். கரையொதுங்கிய பாசியில் புழுபூச்சி தேடியபடி ஒரு கிவி வந்தது. மூக்குத்துளை அதற்கு அலகின் நுனியில். தட்டித் தட்டி மோந்துகொண்டே வந்தது. மூச்சை அடக்கி நின்றேன். ஆக்லாந்தில் கழுவிக் கொடுத்த என் பூட்ஸருகே வந்து, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, பயமேதுமின்றித் தன் வழியே நடந்தது.